ஒற்றைப் பிரதியை நம்பலாமா?

(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையிலே சமயத்தையும் தமிழையும் பற்றி அறிஞர்கள் பேசக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று ஒருவன் எழுந்து கணினி பழுதாகும் வகையைப் பற்றிப் பேசப் போகிறான் என்றால் அது உங்களுக்குப் புதுமையாகத் தோன்றலாம். "இந்து இளைஞர் மன்றத்துக்கும் கணினியின் வன்தட்டுக்கும் என்ன உறவு?" என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்பது என் காதிலும் விழுகின்றது. அந்த உறவைச் சொல்லுமுன், நான் செய்த ஒரு குற்றத்தை இச்சபையிலே ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இம்மன்றத்தின் செயலாளராக இருந்தேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பண்ணிசை பயிற்றிய ஆசிரியர் பாடிய தேவாரங்கள் பதினொரு ஒலிநாடாக்களில் மன்றத்து அலுமாரியில் இருந்தன. நாடாக்களிலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. ஆதலால் அவற்றைக் கணினியில் ஏற்றி, பழைய ஆண்டறிக்கைகள், விழாப் படங்கள் என்பவற்றோடு சேர்த்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு வன்தட்டிலே பதிந்து வைத்தேன். பதிந்து முடிந்ததும், "இனி இவை எதற்கு?" என்று நாடாக்களை எறிந்துவிட்டேன். பெரிய தொண்டு செய்துவிட்டதாகவே அன்று எண்ணினேன்.

இரண்டாண்டுகள் சென்றன. ஆசிரியர் சிவபதமடைந்தார். அந்தியேட்டியன்று தாத்தாவின் குரலை வீட்டிலே ஒலிக்கச் செய்யவேண்டும் என்று அவருடைய பேத்தி என்னிடம் வந்து கேட்டார். வன்தட்டை எடுத்துக் கணினியிற் பொருத்தினேன். "டிக், டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாள் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். உள்ளே எழுத்தை வாசிக்கும் முனை தட்டிலே உராய்ந்து, பதிந்ததை எல்லாம் சுரண்டிவிட்டது என்றும், இனி மீட்க வழியில்லை என்றும் அவர் கூறினார். அந்தப் பெண் என்னை ஏசவில்லை. "பரவாயில்லை அண்ணா" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

அந்த நாள் தொட்டு, இவை ஏன் பழுதாகின்றன, எதனை நம்பிப் பொருளை வைப்பது என்பதைக் கற்பதற்கு முயன்று வருகின்றேன். கற்றதிற் சிறிதை இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் வன்தட்டு என்பது யாதென்று பார்ப்போம். 1956ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனத்தார் முதலாவது வன்தட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் ஒன்றன்மேலொன்றாய்ச் சுழலும் பாரிய இயந்திரம் அது. அதிலே அடங்கியன ஏறக்குறைய ஐம்பது இலட்சம் எழுத்துக்கள் மாத்திரமே. இக்காலக் கணக்கில் ஒரு தேவாரப் பாட்டைப் பதிவதற்கே அந்த இடம் சரியாயிருக்கும். இன்று சட்டைப் பையில் வைத்துச் செல்லும் தட்டிலே ஒரு நூலகமே அடங்கிவிடுகின்றது. எனினும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழலுகின்றது. அதன்மேல் வாசிக்கும் முனை தட்டைத் தொடாமல் மிதந்து செல்கின்றது. இரண்டுக்கும் இடையே உள்ள வெளி சில நனோமீற்றர் மட்டுமே. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்போ பல்லாயிரம் நனோமீற்றர். ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டு கைதவறி விழுந்தால் அந்த முனை என்ன பாடுபடும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"அப்படியானால் சுழலும் உறுப்பே இல்லாத புதுவகையை வாங்கலாமே" என்று இளைஞர்கள் கேட்பார்கள். எஸ்.எஸ்.டி. எனப்படும் அவ்வகை விரைவானது. விழுந்தாலும் எளிதில் உடையாது. நாளாந்த வேலைக்கு அது மிக நன்று. ஆனால் அதிலே எழுத்துக்கள் நுண்ணிய அறைகளிற் சிறைப்பட்ட மின்னேற்றமாக இருக்கின்றன. எழுதி எழுதி அந்த அறைகள் தேய்கின்றன. மின்சாரம் கொடாது நெடுங்காலம் வைத்தால் ஏற்றம் சிறிது சிறிதாகக் கசிகின்றது. எழுதக்கூடிய எல்லை வரை எழுதித் தேய்ந்த ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு எழுத்தைக் காத்தாற் போதும் என்பதே அத்துறையினர் வகுத்த அளவுகோல். நம் நாட்டு வெயிலிலே பூட்டிய அலுமாரிக்குள் 30 பாகை என்பது பெரிய சூடன்று. ஆகவே அதனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பத்தாண்டு கழித்துத் திறக்கலாம் என்று எண்ணுவது பிழை.

பென் டிரைவ் எனப்படும் சிறுகோலும் அதே இனத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் அதனினும் மலிந்த சரக்கு. அதன்மேல் எழுதியுள்ள கொள்ளளவு ஒன்றாகவும், உள்ளே இருப்பது வேறொன்றாகவும் உள்ள போலிகள் சந்தையில் உண்டு. இடம் நிறைந்த பின்னும் அவை பதிவது போலவே நடிக்கும். திறந்து பார்க்கும் நாளிலேதான் வெறுங்கோப்பு என்பது தெரியவரும். ஓர் இடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்லப் பென் டிரைவ் உதவும். காத்து வைப்பதற்கு உதவாது. வீட்டில் நாம் பதியும் இறுவட்டுக்களும் சாயப் பூச்சினால் ஆனவை. வெயிலும் ஈரமும் அவற்றுக்குப் பகை.

கருவியின் நோய் இவ்வாறிருக்க, மின்சாரத்தால் வரும் நோய் வேறு. சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நம் நாட்டில் இடிமின்னல் மிகுதி. 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. பாணந்துறை மின்நிலையத்திலே குரங்கொன்று மின்மாற்றியிற் பட்டதே காரணம் என்று அமைச்சர் கூறினார். இலங்கையிலே அனுமாரின் இனத்தவர் செய்த குறும்பு இஃது இரண்டாவது முறை என்று நாம் சிரித்தோம். ஆனால் மின்சாரம் திடீரெனப் போகும்போதும், திடீரென மிகுந்து வரும்போதும், எழுதிக்கொண்டிருந்த கோப்புச் சிதைகின்றது. சில வேளைகளிற் கருவியே எரிகின்றது. மின்னல் முழக்கம் கேட்டதும் கருவிகளைச் சுவரிலிருந்து கழற்றிவிடுதல் செலவில்லாத காப்பு. யூ.பி.எஸ். ஒன்று இருந்தால், கணினியை முறைப்படி நிறுத்துவதற்கு வேண்டிய சில நிமிடங்களை அது தரும்.

இனி, "எந்த நிறுவனத்தின் தட்டு நல்லது? அதைச் சொல்லிவிடும், நாங்கள் வாங்கிவிடுகிறோம்" என்று கேட்பீர்கள். நானும் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். இதற்கு விடை தேடியவர்கள் உளர். 2007ஆம் ஆண்டிலே கூகிள் நிறுவனத்தார் தம்மிடமிருந்த இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுக்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே கணித்துக் கூறும் வசதி ஒன்று அதனுள் உண்டு. ஆனால் பழுதான தட்டுக்களுள் நூற்றுக்கு 36க்கு மேற்பட்டவை, அவ்வசதியின் மூலம் எந்த முன்னறிகுறியும் காட்டாமலே போய்விட்டன என்று அவர்கள் கண்டனர். அதே ஆண்டிலே அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் ஏறக்குறைய ஓர் இலட்சம் தட்டுக்களின் வரலாற்றை ஆராய்ந்தனர். செய்தவர்கள் தரும் கணக்கின்படி ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது. நடைமுறையிலோ இரண்டு முதல் நான்கு வரை மாற்ற வேண்டியிருந்தது. பாக்பிளேஸ் என்னும் நிறுவனம் 2013 முதல் தன் தட்டுக்களின் கணக்கைப் பொதுமக்களுக்கு வெளியிட்டு வருகின்றது. அங்கே அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை ஆண்டுதோறும் பழுதாகியுள்ளன. ஒரு வகை மற்றொரு வகையினும் மேலாயிருப்பது உண்மை. ஆனால் பழுதே ஆகாத வகை என்று ஒன்று அப்பட்டியலிலே பேர் பெறவில்லை.

நூறு தட்டில் இரண்டு போகும் என்பது தெரியும்; நம் கையிலிருப்பது அந்த இரண்டில் ஒன்றா என்பது எவர்க்கும் தெரியாது. ஆகையால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு தட்டு ஓராண்டிற் போகும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று கொள்வோம். இரண்டு தட்டுக்களில் ஒரே பொருளை வைத்தால், இரண்டும் அவ்வாண்டிலே போகும் வாய்ப்புப் பதினாயிரத்துக்கு நான்குதான். உலகத்திலே மிகச் சிறந்த தட்டைத் தேடி அலைந்தாலும் இந்தப் பாதுகாப்பைப் பணங் கொடுத்து வாங்க முடியாது. சாதாரணத் தட்டு இரண்டு அதனைத் தருகின்றன. ஆனால் இக்கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டையும் ஒரே இடி தாக்கக் கூடாது. ஒரே வெள்ளம் கொள்ளக் கூடாது. ஒரே கள்வன் எடுத்துச் செல்லக் கூடாது. இரண்டும் ஒரே மேசை லாச்சிக்குள் இருந்தால் அவை இரண்டல்ல, ஒன்றுதான்.

பெரியோர்களே, இது மேல்நாட்டார் புதிதாகக் கண்ட உண்மையா? திருமுறை கிடைத்த வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மூவர் பாடிய பதிகங்களின் ஏடுகள் தில்லையிலே ஓர் அறையினுள் வைத்துப் பூட்டப்பட்டிருந்தன என்றும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அதனைத் திறப்பித்தபோது கறையான் புற்று மூடிக் கிடந்தது என்றும், எண்ணெய் சொரிந்து எடுத்தபோது எஞ்சியவற்றையே இன்று நாம் ஓதுகின்றோம் என்றும் மரபு கூறும். அங்கே அன்புக்குக் குறைவில்லை. பூட்டுக்கும் காவலுக்கும் குறைவில்லை. பொருள் ஓரிடத்திலே இருந்தது. நெடுங்காலம் எவரும் திறந்து பார்க்கவில்லை. கறையானுக்கு அது போதும்.

நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901) பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது, ஏடு தேடி ஊர் ஊராக ஆளனுப்பியும் கடிதம் எழுதியும் வருந்தினார். ஒரு நூலுக்குப் பல பிரதி தேடியதன் காரணம் என்ன? ஓரேட்டிற் சிதைந்த இடம் மற்றோர் ஏட்டிலே தப்பியிருக்கும். நைந்த ஏட்டைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிய பேர் தெரியாத மாணவர்கள் பலரின் கைவேலையே நம் இலக்கியத்தைக் காத்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்திலே பிரதி இருந்தவற்றை மீண்டும் தேடிப் பெறலாம். அங்கு மட்டுமே இருந்த ஏடுகளுக்கு என்ன செய்வது? 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தினர் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றி எவரும் எடுத்துப் படிக்கச் செய்து வருவதன் அருமை இவ்விடத்திலேதான் விளங்கும்.

பிரதி இருந்தும் கெட்டவர்கள் உளர். 1998ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தார் "டோய் ஸ்ரோறி 2" என்னும் படத்தை ஆக்கிக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதி இருக்கிறதே என்று எடுத்தனர்; அது சில காலமாகச் சரிவர இயங்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. கேலின் சுஸ்மன் என்னும் அலுவலர், பிள்ளை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்தமையால், ஒரு பிரதியைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வையாற் சுற்றி வாகனத்தில் ஏற்றிக் கொண்டு வந்தனர். படம் பிழைத்தது.

2023 ஓகஸ்ட் மாதத்திலே நம் நாட்டின் அரச மேகச் சேமிப்பைக் கப்பம் கேட்கும் நச்சு நிரலொன்று தாக்கியது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளுக்கு உரிய, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அக்காலப் பகுதிக்குத் தனியே கழற்றி வைத்த பிரதி இல்லை. தொடுப்பிலிருந்த பிரதியும் கூடவே கெட்டது. 2025 செப்ரெம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலத்திலிருந்து தீப்பற்றியது. அரச அலுவலர் தம் கோப்புக்களை வைத்திருந்த 858 தெராபைற்று கொண்ட சேமிப்பு முழுவதும் அழிந்தது. மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளியே பிரதி வைக்கப்படவில்லை. ஆகவே, "மேகத்தில் இருக்கிறது, பயமில்லை" என்பவர்க்கு நான் சொல்வது இதுதான்: மேகம் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்திலுள்ள தட்டுக்களே. அதனை ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள்; ஒரே பிரதியாக வைக்காதீர்கள். நம் கைத்தொலைபேசியில் ஒன்றை அழித்தால் மேகத்திலும் தானே அழியும் ஏற்பாடும் உண்டு; அது காப்பு ஆகாது.

பீற்றர் குறோ என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதியொன்று இன்று எங்கும் கைக்கொள்ளப்படுகின்றது. பிரதி மூன்று இருக்க வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். இதனை நம் மன்றத்துக்கு ஏற்றவாறு அமைத்து, ஐந்து வேண்டுகோள்களாகச் செயற்குழுவின் முன் வைக்கின்றேன்.

முதலாவது, மன்றத்தின் கூட்டக் குறிப்புகள், படங்கள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றுக்கு, கணினியில் உள்ளதை விட, இரண்டு வெளி வன்தட்டுக்கள் வாங்குவோம். இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தனவாக, வெவ்வேறு கடையில் வாங்கியனவாக இருக்கட்டும். ஒரே தொகுதியில் வந்தவை ஒரே குறையோடு வருதல் உண்டு.

இரண்டாவது, ஒன்று மன்றத்திலே இருக்க, மற்றையது வேறூரிலுள்ள அங்கத்தவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். பதியும் நேரந் தவிர மற்ற நேரங்களில் அவை கணினியோடு தொடுக்கப்படாதிருத்தல் வேண்டும். கப்பம் கேட்பவனின் கை கழற்றி வைத்த தட்டை எட்டாது. இவற்றோடு மேகத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

மூன்றாவது, கடவுச்சொல்லை இருவராவது அறிந்திருக்க வேண்டும். அதனைத் தாளில் எழுதி உறையிலிட்டுப் பொருளாளரிடம் கொடுத்து வைக்கவேண்டும். தட்டு நலமாயிருக்க, திறவுகோலை அறிந்தவர் மறைந்துவிட்டாலும் பொருள் போனது போனதே.

நான்காவது, பிரதி எடுத்துவிட்டோம் என்ற காரணத்தால் மூலத்தை எறியாதீர்கள். நான் செய்த பிழையை இன்னொருவர் செய்ய வேண்டாம். தட்டு "டிக், டிக்" என்றாலோ, வழமைக்கு மாறாகத் தாமதித்தாலோ, கோப்புக்கள் காணாமற் போனாலோ, உடனே கழற்றி அறிந்தவரிடம் கொடுங்கள். மீண்டும் மீண்டும் பொருத்திப் பார்ப்பது புண்ணைக் கிளறுவதாகும்.

ஐந்தாவது வேண்டுகோளையே நான் பெரிதாகக் கருதுகின்றேன். சரசுவதி பூசையன்று நாம் ஏடுகளையும் புத்தகங்களையும் பூசையில் வைக்கின்றோம். விசயதசமியன்று எடுத்துத் திறந்து படிக்கின்றோம். அந்தப் பூசையிலே இவ்வன்தட்டுக்களையும் வைப்போம். மறுநாள் ஒவ்வொன்றையும் திறந்து, ஒரு படத்தைப் பார்த்து, ஒரு பக்கத்தை வாசித்து, ஒரு பாட்டைக் கேட்போம். ஐந்தாறு ஆண்டு பழகிய தட்டைப் புதியதிற் பெயர்த்தெழுதுவோம். வைத்ததைத் திறந்து பார்க்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதனைப் புதிய ஏட்டுக்கும் விரிக்கின்றோம், அவ்வளவே.

ஒரு சொல் கூறி முடிக்கின்றேன். அந்தியேட்டி கழிந்து சில நாளில், கனடாவிலுள்ள நம் பழைய அங்கத்தவர் ஒருவர் எனக்கு ஒரு பதிவை அனுப்பினார். அந்த நாடாக்களை நான் கணினியில் ஏற்றிய காலத்திலே, மகிழ்ச்சி மிகுதியால் அவருக்கு ஒரே ஒரு பதிகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், அனுப்பியதையே மறந்துவிட்டேன். அவர் அழிக்காது வைத்திருந்தார். பதினொரு நாடாக்களில் எஞ்சியது அந்த ஒரு பதிகம். நான் பூட்டி வைத்தவை போயின. பகிர்ந்துகொண்ட ஒன்று தங்கியது. சற்று முன் இவ்விழாவின் தொடக்கத்திலே நீங்கள் கேட்ட கடவுள் வாழ்த்து அதுதான். அது இப்பொழுது ஏழு இடங்களில் இருக்கின்றது. இன்று வீடு செல்லுமுன், இளைஞர்களே, உங்கள் தொலைபேசியிலும் ஒரு பிரதி வாங்கிச் செல்லுங்கள்.